கூட்டு உழைப்பும் பண்பாட்டு மரபும்: எண்ணிம நூலகம் பற்றிய ஒரு நோக்கு

பண்பாட்டு மரபென்பது முன்னோர் விட்டுச்சென்ற பொருட்களின் தொகுதி எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஆயின், எதனைப் பேணுவது, எதனைக் கைவிடுவது என்னும் தெரிவு அவ்வக்காலச் சமூக உறவுகளால் நிர்ணயிக்கப்படுவதாகும். இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி எவரும் இலவசமாகப் படிக்க வழிசெய்யும் 'நூலகம்' என்ற முயற்சி 2005இல் தொடங்கியது. அதனையும் இவ்வடிப்படையிலேயே மதிப்பிடுதல் வேண்டும்.

ஏட்டிலிருந்து அச்சுக்கு மாறிய கட்டத்தை முதலில் நினைவுகூரலாம். ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். மடங்களிலும் குடும்பங்களிலும் அடைபட்டிருந்த நூல்களைப் பொதுச்சொத்தாக்கிய இப்பணியின் முற்போக்கான பங்கு மறுக்கற்பாலதன்று. எனினும் அச்சேறியவை சமயமும் செவ்விலக்கியப் புலமையும் தெரிந்தெடுத்தவையே. உழுதவனின் குரலுக்கு ஏடும் இருக்கவில்லை. அச்சும் உடனே கிட்டவில்லை.

1981 மே 31 நள்ளிரவையொட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரே இடத்தில், ஒரே படியாக இருப்பது எவ்வளவு எளிதில் அழிக்கப்படலாம் என்பதை அந்நிகழ்வு கசப்பாக உணர்த்திற்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திற் பல நாடுகளிலுள்ள தன்னார்வலர் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சுச் செய்து பகிர்ந்தனர். 'நூலகம்' அதனினும் வேறுபட்டதொரு தேவையிலிருந்து எழுந்தது. ஈழத்துச் சிறுசஞ்சிகைகள், மலர்கள், துண்டுப்பிரசுரங்கள் ஆகியன ஒருவர் வீட்டு அலுமாரியில் மாத்திரம் எஞ்சியிருந்த நிலை அது.

இங்கு புதியது கருவியன்று; உற்பத்தி உறவே புதியது. பழைய இதழை வைத்திருப்பவர், அதனை மின்வருடுபவர், பட்டியலிடுபவர், புலம்பெயர்ந்த நாட்டிலிருந்து நிதி உதவுபவர், படிப்பவர் ஆகியோர் ஒரு கூட்டு உழைப்பில் இணைகின்றனர். வாசகரே பேணுநராகவும் மாறுகிறார். 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய 'மல்லிகை' போன்ற இதழ்களைப் புரட்டாது எமது முற்போக்கு இலக்கிய இயக்கத்தின் வரலாற்றை எழுத முடியாது. அவ்விதழ்கள் கிட்டாவிடின், அவ்வியக்கத்தை எதிர்த்தோரின் கூற்றே வரலாறாக நிலைபெற்றுவிடும்.

ஆயினும் இம்முயற்சியினுள்ளே முரண்பாடுகள் உள. முதலாவது, பட்டியலின் வடிவம் பற்றியது. ஆசிரியர், தலைப்பு, பதிப்பாளர், ஆண்டு என்பன அச்சுப் பண்பாட்டின் அளவுகோல்கள். கொழுந்து பறிக்கும் பெண் பாடிய பாடலுக்கு இவற்றுள் எதுவுமில்லை. வாய்மொழி வரலாறுகளையும் ஒலிப்பதிவுகளையும் சேர்க்கும் முயற்சிகள் வரவேற்கத்தக்கவை. எனினும் அவை அச்சுக்கு அனுபந்தமாகாது அதற்கு நிகராக அமைதல் வேண்டும்.

இரண்டாவது, உடைமை பற்றியது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பொதுவாக ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமையைப் பாதுகாக்கிறது. கலைந்துபோன ஒரு தொழிற்சங்கத்தின் துண்டுப்பிரசுரத்திற்கு யாரிடம் அனுமதி பெறுவது? தனிச்சொத்தின் தர்க்கம் கூட்டுப் படைப்பைக் கண்டு தடுமாறும் இடம் இதுவே.

மூன்றாவது, உழைப்புப் பற்றியது. தன்னார்வப் பணிக்கு ஓய்வுநேரமும் கருவியும் கல்வியும் வேண்டும். இவை வர்க்கரீதியாகவே பங்கிடப்பட்டுள்ளன. லயத்து அறையில் வாழ்பவர் சேகரிப்புக்குரிய 'பொருளாக' மாத்திரம் அமைந்து, சேகரிப்பவராக ஒருபோதும் அமையாராயின், கூட்டு உழைப்பு என்னும் சொல் அரைகுறை உண்மையாகவே எஞ்சும்.

இம்முரண்பாடுகள் முயற்சியை நிராகரிப்பதற்கான காரணங்களல்ல. அதனை விரிவுபடுத்துவதற்கான திசைகளாகும். பல்கலைக்கழகத்தார் ஆவணங்களைப் பயன்படுத்துவோராக மட்டும் இருந்துவிடுதல் தகாது. மாணவரது களஆய்வுப் பதிவுகள் அவர்தம் ஆய்வேட்டுடன் உறங்கிவிடாது, பாடியவர்க்கும் சொல்லியவர்க்கும் மீளக் கிட்டும் வகையில் பொதுவில் வைக்கப்படுதல் வேண்டும். காத்தல் முதற்படியே. காக்கப்பட்டவற்றை மக்கள் தமதெனக் கொண்டு விமர்சனத்துடன் வாசிக்கும்போதே சேகரிப்பு மரபாகிறது.