மை வழங்கும் தீர்ப்பு

கறுப்பு மையில் அச்சான பக்கங்களையே பார்த்துப் பழகியவர்கள் நாம். பொருளைத் தருவது சொல். மை வெறும் கருவி என்று எண்ணுகிறோம். பாரிசிலுள்ள பிரான்சு தேசிய நூலகத்தின் 14ஆம் நூற்றாண்டு நற்செய்திச் சுவடி ஒன்று இவ்வெண்ணத்தை அசைத்துவிடுகிறது. கிரேக்கத்தோடு இலத்தீனும் அமைந்த அந்நூல் நான்கு நிறங்களில் எழுதப்பட்டது. நிகழ்ச்சிகளை உரைக்கும் பகுதி செந்தூர நிறம். இயேசுவின் மொழியும் வானதூதரின் மொழியும் அடர்சிவப்பு. பழைய ஏற்பாட்டு மேற்கோள்களும், சீடர், மரியா, எலிசபெத்து, சிமியோன் ஆகியோரின் கூற்றுகளும் நீலம். பரிசேயர், யூதாசு, அலகை ஆகியோரின் பேச்சு கறுப்பு.

இங்கு நம்மை வியக்கவைப்பது நீலமோ கறுப்போ அன்று. இரு சிவப்புகளுக்கு இடையிலுள்ள மிகச் சிறிய வேறுபாடே. ஆண்டவரின் குரல் கதையோட்டத்தினின்று துண்டிக்கப்படாமல், அதனுள்ளிருந்தே சற்று ஆழ்ந்து எழுகிறது. கண் தன்னையறியாமல் அங்கே தயங்கி நிற்கும். உரத்துக் கூவாத இந்நயம் போற்றுதற்குரியது.

ஆயின் நூற்றுவர் தலைவரின் சொற்களும் அச்சுவடியில் கறுப்பே! புறவினத்தார் என்பதனாற்போலும். திருப்பலிதோறும் நற்கருணை பெறுமுன் நம் தகுதியின்மையை அறிக்கையிடுவது அம்மனிதரின் சொற்களை அடியொற்றித்தானே? அவருடைய நம்பிக்கையை இயேசு வியந்ததாக மத்தேயு 8:10 கூறுகிறது. சொல் உயர்த்தியவரை மை யூதாசின் அருகில் அமர்த்துகிறது. இடையர்களின் பேச்சும் கறுப்பிலேயே உள்ளது. அது எழுத்தரின் கவனப்பிழையாகலாம் என்பார் புரூசு மெட்சுகர் என்னும் விவிலிய அறிஞர். பிழையாயினும் கருத்தாயினும், படிப்பவர் உள்ளத்தில் படியும் நிழல் ஒன்றே.

1899இல் நியூயார்க்கில் லூயி கிளாப்சு என்பவர், கிறிஸ்துவின் மொழிகளை மட்டும் சிவப்பில் அச்சிட்டுப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். தம் குருதியாலான உடன்படிக்கை பற்றி இயேசு கூறும் லூக்கா 22:20 அவருக்குத் தூண்டுகோலாயிற்று. (நம் திருப்பலிப் புத்தகத்தில் சிவப்பு எழுத்து குருவுக்கான குறிப்பு, வாய்விட்டுச் சொல்லத் தகாதது. அங்கே மௌனத்தின் நிறம், இங்கே பேச்சின் நிறம்.) ஆனால் பழஞ்சுவடிகளில் மேற்கோள் குறிகள் இல்லை. யோவான் 3ஆம் அதிகாரத்தில் இயேசு நிக்கதேமிடம் பேசுவது 15ஆம் வசனத்தோடு முடிகிறதா, 21 வரை நீள்கிறதா என்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை. கடவுளின் அன்பைக் கூறும் 16ஆம் வசனம் ஆண்டவரின் வாய்மொழியா, நற்செய்தியாளரின் தியானமா என்பது படிப்பவர் தங்கி எண்ணவேண்டிய இடம். அங்கே தங்க விடாமல், பதிப்பாளரின் மை முந்திக்கொள்கிறது.