ஆல்டர்னேட்டிவ் (பாடல் தொகுப்பு): ஒரு மதிப்பீடு

ஆல்டர்னேட்டிவ், இங்கிலாந்தைச் சேர்ந்த பெட் ஷாப் பாய்ஸ் என்னும் இசை இரட்டையர் 1995ஆம் ஆண்டு வெளியிட்ட பாடல் தொகுப்பு. 1985 முதல் 1994 வரை வந்த இவர்களது தனி இசைத்தட்டுகளின் மறுபக்கத்தில் இடம்பெற்ற 30 பாடல்கள் இரண்டு குறுந்தகடுகளில் கால வரிசையில் தொகுக்கப்பட்டுள்ளன. பார்லஃபோன் நிறுவனம் வெளியிட்டது.

இரட்டையர்

நீல் டென்னன்ட் (பிறப்பு 1954) ஸ்மாஷ் ஹிட்ஸ் என்னும் இசை இதழில் பணியாற்றியவர். கிறிஸ் லோ (பிறப்பு 1959) கட்டடக்கலை பயின்றவர். 1981இல் லண்டனில் ஒரு மின்னணுப் பொருள் கடையில் இருவரும் அறிமுகமானார்கள். சின்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியை அடிப்படையாகக் கொண்ட மெல்லிசை இவர்களுடையது. திருச்சியில் பிறந்த டி.கே. ராமமூர்த்தியும் எம்.எஸ். விஸ்வநாதனும் இணைந்து இசையமைத்ததை நாம் அறிவோம். அவர்கள் பிறர் பாடுவதற்காக மெட்டமைத்தார்கள். இவர்களோ தாமே எழுதி, இசையமைத்து, தாமே பாடுகிறார்கள். பெரும்பாலும் டென்னன்டின் குரல்தான்.

மறுபக்கம் என்பது

நம் ஊர்த் திரைப்பாட்டு இசைத்தட்டில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே படத்தின் பாடல்களே இருக்கும். எந்தப் பக்கமும் குறைந்ததல்ல. மேலை நாட்டுத் தனி இசைத்தட்டின் வழக்கம் வேறு. முதல் பக்கத்தில் வானொலியில் ஒலிக்க வேண்டிய, விற்பனையாக வேண்டிய பாடல் இருக்கும். மறுபக்கத்தை ஏதாவது ஒன்றைக் கொண்டு நிரப்பினால் போதும். பலர் மீந்துபோனவற்றை அங்கே வைத்தார்கள். இவ்விருவரும் அங்கேதான் துணிந்து எழுதினார்கள் என்பதே இத்தொகுப்பு காட்டும் செய்தி.

முக்கியப் பாடல்கள்

முதல் பாடலான 'இன் தி நைட்' (1985), இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பிடியில் இருந்த பாரிஸ் நகரத்து 'சசூ' இளைஞர்களைப் பற்றியது. அவர்கள் பகைவனை எதிர்த்துப் போராடவில்லை, அவனோடு சேரவும் இல்லை. ஜாஸ் இசை கேட்டார்கள், விருப்பம்போல் உடுத்தினார்கள். நாடு அடிமைப்பட்டிருக்கும்போது ஆடிப்பாடுவது எதிர்ப்பாகுமா, பொறுப்பின்மையா? நடனத்துக்குரிய தாளத்தில் இக்கேள்வியை வைப்பது எளிதல்ல.

அடுத்த ஆண்டு வந்த 'பனினாரோ', மிலான் நகரச் சிற்றுண்டிக் கடைகளில் கூடிய, உடைமோகம் கொண்ட இத்தாலிய இளைஞர்களைப் பற்றியது. இதில் ஒலிப்பது வழக்கமாகப் பாடாத லோவின் குரல். வாக்கியமாகப் பாடாமல் சொற்களை ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்கிறார். தமிழில் 'புன்னகை மன்னன்' கணினி வழி இசையைக் கொண்டுவந்ததும் அதே 1986இல்தான். முன்னைய பாடலோடு இதைச் சேர்த்துக் கேட்டால், ஒரே கேள்வி அமைதிக் காலத்துக்கு வந்திருப்பது புரியும். இப்பாடல் 1995இல் புதிதாக அமைக்கப்பட்டு முதல் பக்கத்துக்கே ஏறியது.

தொகுப்பின் உச்சம் 'யுவர் ஃபன்னி அங்கிள்' (1989). எய்ட்ஸ் நோயால் இறந்த நண்பரின் இறுதிச் சடங்கிலிருந்து பிறந்த பாடல். துடிப்பான தாளம் இல்லை. வந்தவர்களை மெல்லக் கவனிக்கும் ஒரு குரல், முடிவில் விவிலியத்தின் திருவெளிப்பாடு நூல் கூறும் ஆறுதலைத் தொடுகிறது. அந்த இசைத்தட்டின் முதல் பக்கத்தில் இருந்தது 'இட்ஸ் ஆல்ரைட்'. உலகம் எப்படிப் போனாலும் இசை இருக்கும் என்று நம்பிக்கை ஊட்டும் பாடல் அது. தட்டைத் திருப்பினால் ஒரு சாவு வீடு. எய்ட்ஸ் என்ற சொல்லையே மக்கள் அஞ்சிய காலத்தில், அத்துயரத்துக்குக் கிடைத்த இடம் பின்பக்கம்தான். இத்தொகுப்பில் முன்பக்கப் பாடல்கள் இல்லாததால் இந்த முரண் மறைந்துவிடுகிறது. மாணவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது நல்லது.

'ஹே, ஹெட்மாஸ்டர்' (1993) ஒரு தலைமையாசிரியரை விளித்து, உமக்கு என்ன கவலை என்று கேட்கிறது. பள்ளியைப் பற்றிய பாப் பாடல் என்றால் ஆசிரியரைக் கேலி செய்யும் என்று எதிர்பார்ப்போம். இங்கே இரக்கம் இருக்கிறது. நாற்காலியில் இருப்பவரின் தனிமையைப் பாட்டில் கொண்டுவந்தவர் மிகச் சிலரே.

குறைகள்

முப்பதும் ஒரே தரத்தில் இல்லை. 'யூரோபாய்', 'மியூசிக் ஃபார் பாய்ஸ்' போன்றவை நடன அரங்குக்கான பயிற்சிகள். வீட்டில் அமர்ந்து கேட்பவருக்கு நீளமாகத் தோன்றும். சோண்ட்ஹைமின் 'லூசிங் மை மைண்ட்' பாடலை இவர்கள் லைசா மினெல்லிக்காக 1989இல் அமைத்துக் கொடுத்தார்கள். இங்கு உள்ளது டென்னன்டே பாடிய வடிவம். ஏங்கிக் கரையும் பாட்டுக்கு அவரது அடங்கிய குரல் முழுமையாகப் பொருந்தவில்லை. கால வரிசை மாறாமல் அனைத்தையும் தந்திருப்பதால் வளர்ச்சியை அறிய முடிகிறது, ஆனால் இரண்டாம் தகட்டின் பிற்பகுதி தளர்கிறது.

மதிப்பீடு

புலவர்களின் பெருநூல்களுக்கு வெளியே நின்ற செய்யுள்களைத் தனிப்பாடல் திரட்டாகச் சேர்த்து வைத்த மரபு நம்முடையது. திருச்சிராப்பள்ளியில் பல ஆண்டுகள் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைத் தலபுராணங்களைப் பாடியவர் என்றே பாடநூல் சொல்லும். உ.வே. சாமிநாதையர் எழுதிய அவரது வரலாற்றில் (1933, 1934) உள்ள தனிச்செய்யுள்களைப் படித்தால்தான் நகைச்சுவையும் வறுமையும் நட்பும் கொண்ட மனிதர் தெரிகிறார். ஆல்டர்னேட்டிவ் செய்வதும் அதுவே. வெற்றிப் பாடல்களை மட்டும் கேட்டவருக்கு இவ்விருவரும் கெட்டிக்கார நடனப் பாட்டுக்காரர்கள். இதைக் கேட்டவருக்கு, வரலாற்றையும் சாவையும் முதுமையையும் பற்றி யோசித்தவர்கள். புதிதாகக் கேட்பவர்கள் முப்பதையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். மேலே சொன்ன நான்கு முக்கியப் பாடல்களில் தொடங்கலாம். பிடித்திருந்தால், 1996 முதல் வந்த மறுபக்கப் பாடல்களைத் தொகுத்து 2012இல் வந்த 'ஃபார்மட்' தொகுப்புக்கும் செல்லலாம்.