மச்சான் பிடித்த கயிறு

'கார்மென்' ஆப்பராவால் உலகப் புகழ் பெற்ற பிஸே, 24 வயதில் எழுதியது 'முத்துக் குளிப்பவர்கள்'. 1863-ல் பாரிஸில் அரங்கேறியது. கதை முதலில் மெக்ஸிகோவில் நடப்பதாக இருந்து, அப்புறம் இலங்கைக்கு மாற்றப்பட்டதாம். இத்தனை சுலபமாக இடம் மாற்ற முடிகிற கதையில் கடல் எவ்வளவு இருக்கும், ஊகித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நண்பர்கள், ஒரு பெண். கோடம்பாக்கத்துக்குப் பழக்கமான முக்கோணம்தான். நண்பர்கள் சேர்ந்து பாடும் டூயட் ஒன்று இருக்கிறது. அதற்காக மற்றதை எல்லாம் மன்னிக்கலாம். ஆனால், கும்பலாகச் சேர்ந்து பிரம்மாவைக் கூப்பிடுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. மன்னார் கடலில் இறங்கியவர்கள் தூத்துக்குடிப் பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும். பரதவர்கள் 1530-களிலேயே கத்தோலிக்கர்கள் ஆகிவிட்டார்கள். பிரம்மாவுக்கு நம்மூரிலேயே கோயில் அபூர்வம், ஸார்!

பாறைமேல் நின்று பாடி ஆபத்தை விரட்டும் கதாநாயகிக்கு மட்டும் ஓரளவு ஆதாரம் உண்டு. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டும் 'கடல்கட்டி'கள் இங்கே இருந்தார்கள். இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி என்று மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார்.

1916-க்குப் பிறகு நியூயார்க் மெட்ரோபாலிடன் இதை மறுபடி மேடையேற்றியது 2015 டிசம்பர் 31-ல். ஆரம்பத்தில் கயிற்றில் தொங்கும் டைவர்கள் மேலிருந்து மீன் மாதிரி நீந்தி இறங்குகிறார்கள். கண்ணுக்கு அழகு. நம் ஆள் நீந்தி இறங்கமாட்டான். காலைக் கல்லில் வைத்து விறுவிறுவென்று போவான். மூச்சு ஒரு நிமிடம். அதற்குள் சிப்பியை அள்ளிக் கயிற்றை அசைக்க வேண்டும். மேலே தோணியில் கயிறு பிடிப்பது மனைவியின் சகோதரன் என்று சொல்வார்கள். தங்கச்சி தாலி அவன் கையில். இதைவிட ஒரு நாடகம் வேண்டுமா? கதை எழுதிய இருவருக்கும் இது தெரியவில்லை.

கரையில் சிப்பிகளை அழுகவிட்டுத்தான் முத்தெடுப்பார்கள். நாற்றம், ஈ, காலரா. அள்ளியதில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. இதெல்லாம் பாரிஸ் மேடைக்கு ஒத்துவராதுதான்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். சங்கு குளிப்பவர்கள் இன்னும் இறங்குகிறார்கள், கம்ப்ரஸர் குழாயைக் கடித்துக்கொண்டு.

டூயட்டைக் கேட்டுவிட்டு, ஜோ டி குருஸின் 'கொற்கை'யை எடுங்கள். 2013-ல் சாகித்ய அகாதமி வாங்கிய நாவல். ஆயிரம் பக்கத்துக்கு மேல். மடியில் வைத்துப் படிப்பது கஷ்டம்.