முதல் சுற்றில் தோற்றவன் எத்தனை நிமிடம் ஆடினான்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் கோடை என்று தனிப் பருவம் கிடையாது. ஆண்டு முழுக்க வெயில், பிற்பகலானால் இடியோடு மழை. மற்ற நாடுகளில் கோடை செய்யும் வேலையை இங்கே பள்ளி விடுமுறை செய்கிறது. விடுமுறை பிறந்ததும் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், பந்தாய் டாலாம், கிள்ளான் என்று வட்டாரத்துக்கு வட்டாரம் கூடாரம் எழும்பிவிடும். ஓரத்தில் வண்ணம் தீட்டும் போட்டியும் கோலமும் உறியடியும் நடக்க, நடுத்திடலில் ஒன்பது பேர் காற்பந்து நடக்கும். மறுநாள் செய்தியில் மூன்று விவரங்கள் தவறாமல் இருக்கும்: எத்தனை குழுக்கள் வந்தன, கிண்ணம் யாருக்கு, பரிசுத்தொகை எவ்வளவு. விளையாட்டு என்ற வகையில் அந்த நாளை எடைபோட இந்த மூன்றும் போதாது. வந்தவர்கள் உண்மையில் எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்ற நான்காவது விவரம்தான் முக்கியம். அதை யாரும் கணக்குப் போடுவதில்லை. போட்டுப் பார்த்தால், நாம் கொண்டாடும் போட்டிமுறை நமக்கே எதிராக வேலை செய்வது தெரியும்.

கணக்கு எளிது. வழக்கமான ஒரு நாள் போட்டியை எடுத்துக்கொள்வோம்: 32 குழுக்கள், குழுவுக்கு 14 பேர், ஒரு முழுத் திடலைக் குறுக்கே பிரித்து இரண்டு ஆடுகளம், பாதிக்குப் பத்து நிமிடமாக 20 நிமிட ஆட்டம், அடுத்த குழு இறங்க ஐந்து நிமிடம். தோற்றால் வெளியே என்ற நாக்-அவுட் முறையில் மொத்தம் 31 ஆட்டங்கள். காலை 8 மணிக்குத் தொடங்கினால் பிற்பகல் 2.40க்கு முடித்துவிடலாம். ஏற்பாட்டுக் குழுவுக்கு இதைவிட வசதியான முறை இல்லை. ஆனால் ஆட வந்தவன் பக்கம் நின்று பாருங்கள். முதல் ஆட்டத்தில் தோற்ற குழுவுக்கு 8.20க்கே நாள் முடிந்துவிட்டது. 11.20க்குள் 16 குழுக்கள், அதாவது வந்தவர்களில் சரிபாதி, தலா 20 நிமிடம் ஆடிவிட்டு ஒதுங்கிவிட்டன. இறுதியாட்டம் வரை போன இரண்டு குழுக்களுக்கு மட்டும் தலா 100 நிமிடம். களத்தில் ஒன்பது பேர்தான் நிற்க முடியும் என்பதால், 14 பேரும் சமமாக மாறி மாறி இறங்கினால்கூட முதல் சுற்றில் தோற்ற குழுவில் ஒருவனுக்குக் கிடைப்பது சுமார் 13 நிமிடம். இறுதிக்குப் போனவனுக்கு 64 நிமிடம். நன்றாக ஆடத் தெரிந்தவனுக்கு ஐந்து பங்கு, கற்றுக்கொள்ள வேண்டியவனுக்கு ஒரு பங்கு. பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ அவனுக்கு மிகக் குறைவாகக் கொடுக்கும் முறை இது.

இதே திடலையும் இதே ஏறக்குறைய ஏழு மணி நேரத்தையும் வேறு விதமாகச் செலவிட முடியும். திடலை நான்காகப் பிரித்து, பக்கத்துக்கு ஆறு பேராக, 15 நிமிட ஆட்டம், ஐந்து நிமிட இடைவெளி என்று வைத்தால் அதே 400 நிமிடத்தில் 80 ஆட்டங்கள் நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் வென்ற குழு ஒரு களம் மேலே ஏறும், தோற்ற குழு ஒரு களம் கீழே இறங்கும், யாரும் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. 32 குழுக்களும் தலா ஐந்து ஆட்டம், 75 நிமிடம் ஆடும். அதே 14 பேரை வைத்துக்கொண்டால் ஒவ்வொருவனுக்கும் 32 நிமிடம். பழைய முறையில் ஆளுக்குச் சராசரி 25 நிமிடம் என்பதால் சராசரி மலைக்கும்படி உயரவில்லை. மாறியது பங்கீடுதான்: 13 நிமிடத்தோடு திரும்பியிருக்க வேண்டியவன் இப்போது 32 நிமிடம் ஆடுகிறான். மூன்றாவது, நான்காவது சுற்றில் தன் தரத்துக்கு ஒத்த எதிரணியைச் சந்திக்கிறான் என்பதால், பத்து கோல் வாங்கித் தலைகுனிவதும் குறைகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ஜெர்மனி 2024/25 பருவத்திலிருந்து 11 வயதுக்குட்பட்டோர் வரை நாடு முழுக்க இப்படித்தான் ஆடவைக்கிறது: சிறு களங்கள், குறைந்த ஆட்டக்காரர்கள், வென்றவர் ஏறித் தோற்றவர் இறங்கும் விழா நாள்கள். இங்கிலாந்து 2012இல் சிறுவர் ஆட்டத்தை ஐந்து, ஏழு, ஒன்பது பேர் என்று வயதுக்கேற்பப் படிப்படியாக வகுத்தது. அவை குழந்தைகளுக்கானவை, நம் போட்டிகளில் ஆடுவது வளர்ந்த இளைஞர்கள் என்று ஒருவர் மறுக்கலாம். அப்படியானால் உச்சியையே பாருங்கள். உலகக் கிண்ணத்தை 48 நாடுகளாக விரித்தபோது மூன்று நாடுகள் கொண்ட பிரிவுகள்தான் முதல் திட்டம். 2023 மார்ச்சில் ஃபிஃபா அதைக் கைவிட்டு நான்கு நாடுகள் கொண்ட 12 பிரிவுகளாக மாற்றியது. ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டம் உறுதி என்பதும் அந்த முடிவோடு வந்தது. உலகத்தின் தேர்ந்த ஆட்டக்காரர்களையே ஓர் ஆட்டத்தோடு அனுப்பிவிடாத காலத்தில், ஜாலான் துன் சம்பந்தன் பக்கத்துப் பையனை 20 நிமிடத்தில் அனுப்பிவிட என்ன அவசரம்?

தோற்றால் வெளியே என்ற பயம்தான் ஆட்டத்துக்கு ருசி, அதை எடுத்துவிட்டால் உப்புச்சப்பு இருக்காது என்பது அடுத்த மறுப்பு. அந்தப் பரபரப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. முதல் களத்தில் நிலைத்த இரண்டு குழுக்களுக்குக் கடைசியில் ஓர் இறுதியாட்டம் வைத்தால் கூடுவது அரை மணி நேரம்கூட இல்லை. ஆனால் அந்தப் பயம் காலை எட்டு மணிக்கே தொடங்கும்போது நடப்பது வேறு. ஒரே ஆட்டத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றால் எந்தப் பயிற்றுநரும் உருவத்தில் பெரியவனையும் வேகமானவனையும்தான் இறக்குவார்; மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே நான் மேலே சமமாகப் பிரித்துச் சொன்ன 13 நிமிடமே தாராளமான கணக்கு. ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஓர் ஆண்டு மூத்தவன் என்பதால் வயதுப் பிரிவுப் போட்டிகளில் தேர்வு மூத்தவன் பக்கம் சாய்கிறது என்பதைப் பல நாட்டு விளையாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. நாக்-அவுட் அந்தச் சாய்வை இன்னும் அழுத்துகிறது.

பரிசுத்தொகை இல்லாவிட்டால் குழுக்களே வராது என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. பெரிய தொகை பெரிய குழுக்களை இழுக்கும். அதோடு, வட்டாரத்துக்குச் சம்பந்தமில்லாத ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்து இறக்கும் பழக்கத்தையும் இழுக்கும். வட்டார விழாவின் கிண்ணத்தை வெளியார் தூக்கிக்கொண்டு போனால் அது யாருக்கு விழா? தொகையை நான்கு களத்து முதலிடங்களுக்கும் பிரித்துக் கொடுங்கள். கடைசிக் களத்தில் நிற்கும் குழுவுக்கும் மாலை வரை ஆட ஒரு காரணம் கிடைக்கும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இது ஆட்டக்காரர்களை உருவாக்கும் இடமல்ல, இளைஞர்களைச் சேர்த்துவைக்கும் இடம். ஒற்றுமைக்காகவும், குண்டர் கும்பல் பக்கம் போகாமல் தடுக்கவும் நடத்துகிறோம் என்பார்கள். நோக்கம் நியாயமானது. ஆனால் அந்த நோக்கத்தை நம்பினால் நாக்-அவுட்டை முதலில் கைவிட வேண்டியவர்களும் அவர்களே. ஏற்கெனவே பயிற்சியும் கட்டொழுங்கும் உள்ள குழு மாலை வரை திடலில் நிற்கிறது. சரியான பயிற்றுநரோ காலணியோ இல்லாமல், நண்பர்கள் சேர்ந்து பெயர் கொடுத்த குழு காலையிலேயே வெளியேறுகிறது. யாரைத் திடலில் பிடித்துவைக்கச் செலவு செய்கிறோமோ அவனைத்தான் முதலில் தெருவுக்கு அனுப்புகிறோம்.

நிமிடக் கணக்கில் இவ்வளவு கறார் ஏன் என்றால், திடல் இங்கே தங்கம். பிரிக்பீல்ட்ஸின் பழைய இரயில்வே முற்றத்தின் மேல் எழுந்த கேஎல் சென்ட்ரல் 2001இல் திறக்கப்பட்டது. அதைச் சுற்றிய நிலத்தின் விலை எங்கே போயிற்று என்று சொல்லத் தேவையில்லை. தோட்டத்தில் லயத்துக்குப் பக்கத்திலேயே திடல் இருந்தது. அடுக்குமாடிக்கு வந்த குடும்பத்துக்கு அது முன்பதிவு செய்து வாங்க வேண்டிய பொருளாகிவிட்டது. தமிழரின் விளையாட்டுக்கென்றே 1914இல் கோலாலம்பூரில் தமிழர் உடற்பயிற்சிச் சங்கத்தை உண்டாக்கியவர்கள் இடத்தின் அருமை தெரிந்தவர்கள்.

பழைய பெயர்களைச் சொல்லி ஆறுதல் தேடுவதில் நாம் கெட்டிக்காரர்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரன், ‘ஸ்பைடர்மேன்’ என்று கொண்டாடப்பட்ட கோல் காவலர் ஆர். ஆறுமுகம், 2009இல் சீ விளையாட்டுத் தங்கத்தையும் 2010இல் சுசுகி கிண்ணத்தையும் பெற்றுத்தந்த பயிற்றுநர் கே. ராஜகோபால் என்று பதாகையில் படங்கள் நிறையும். உச்சியில் நமக்கென்று ஓர் அணி வேண்டும் என்ற ஆசையும் நிறைவேறியது: எம்ஐஎஸ்சி-மிஃபா என்ற குழு பெட்டாலிங் ஜெயா சிட்டியாகப் பெயர் மாறி 2019இல் சூப்பர் லீக்கில் ஆடியது. 2022 பருவத்தோடு அது விலகிக்கொண்டது. உச்சியில் உள்ள அணி இன்று இருக்கும், நாளை போகும். வட்டாரத் திடலில் வாராவாரம் ஆடும் நூறு பேர் இருந்தால் அடுத்த அணியை எப்போது வேண்டுமானாலும் கட்டலாம்.

ஆகவே விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். விழா நாளில் பெயர் கொடுத்த குழுக்களில் எட்டு மட்டும் வார இறுதிகளில் ஒருவரோடொருவர் இருமுறை மோதினால் குழுவுக்கு 14 ஆட்டம். இரண்டு களம் இருந்தால் சனிக்கிழமைக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே செலவாகும். அதே அட்டவணையில் பெண்களுக்கும் ஒரு பிரிவு வைக்கலாம். 1966இல் நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதைப் பெற்ற எம். ராஜாமணியின் சமூகம், பெண்களைக் கோலப் போட்டியோடு நிறுத்திவைக்க நியாயமில்லை. கோலாலம்பூர் மாநகர் மன்றமும், 2024இல் அரச மாநகர் மன்றமாக உயர்ந்த கிள்ளானும் திடலை ஒதுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை விதிக்கலாம்: போட்டி அறிவிப்பில் முதல் பரிசுத்தொகைக்கு மேலே, ஒவ்வொரு குழுவுக்கும் உறுதியான ஆட்டங்களின் எண்ணிக்கை அச்சாக வேண்டும். அந்த இடத்தில் ‘1’ என்று அச்சிட எந்த ஏற்பாட்டுக் குழுவுக்கும் கை வராது.