பாழ், சூனியம், வெளி

பழைய கணக்கேடுகளில் இருநூற்றைந்தை ௨௱௫ என்று எழுதியிருப்பார்கள். இரண்டு, நூறு, ஐந்து, அவ்வளவுதான். பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி வைத்துக்கொண்ட கணக்குப்பிள்ளைக்கு, நடுவில் ஓரிடம் காலி என்று காட்ட வட்டம் போட வேண்டிய தேவையே வரவில்லை. வடக்கே 628-இல் பிரம்மகுப்தர் சூனியத்தைக் கூட்டவும் கழிக்கவும் விதி வகுத்துவிட்டார். குவாலியர்க் கோயில் ஒன்றில், 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டில், நந்தவனத்தின் நீளம் 270 முழம் என்றும் நாளுக்கு 50 மாலை என்றும் சுழியோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அது இல்லாமலே நெல் அளந்தார்கள், ஏரி வெட்டினார்கள், பெரிய கோயில் கட்டினார்கள்.

கணக்கில் வேண்டாமென்று விட்டதைத் தத்துவத்தில் வட்டியும் முதலுமாகப் பிடித்துக்கொண்டார்கள். பரிபாடலில் திருமாலை எண்களாகவே விரித்துச் சொல்லும் இடமொன்று உண்டு. அந்த வரிசை பாழில் தொடங்குகிறது. பிறகு கால், அரையைக் குறிக்கும் பாகு, அதன் பின்தான் ஒன்று. அந்தப் பாழைச் சுழியம் என்று படிப்பவர்கள் உண்டு; சாங்கியத் தத்துவமாகப் படிப்பவர்களும் உண்டு. எனக்குச் சுவையாகப் படுவது சொல்தான். பாழ்நிலம், பாழுங்கிணறு, பாழடைந்த வீடு: எங்கே பாழ் என்று சொன்னாலும் முன்பு அங்கே ஏதோ இருந்து போயிருக்க வேண்டும். ஏர் காணாத காட்டை யாரும் பாழாய்ப் போனது என்பதில்லை.

ஆகவே, இல்லாமையைப் பேசும் எந்தப் பள்ளியையும் எடைபோட எனக்கு இரண்டு கேள்விகள் போதும். எது இல்லை என்கிறாய்? இல்லை என்று பார்த்தது யார்?

முதல் கேள்வியைச் சாணை பிடித்தவர்கள் பௌத்தர்கள். மணிமேகலை வஞ்சியில் சமயக்கணக்கர் ஒவ்வொருவரிடமும் கொள்கை கேட்டு அலுத்து, காஞ்சியில் அறவண அடிகளிடம் வந்து சேர்கிறாள். கடைசிக் காதையில் அவர் அவளுக்குச் சொல்வது பன்னிரண்டு சார்புகள். எதுவும் தானாக நிற்பதில்லை, ஒன்றைச் சார்ந்தே இன்னொன்று தோன்றுகிறது. இந்தச் சார்பை எல்லை வரை தள்ளிக்கொண்டு போனவர் நாகார்ஜுனர், 27 இயல்கள் கொண்ட மூலமத்யமக காரிகையில். சார்ந்தே தோன்றுவதற்குத் தன்னியல்பு என்று தனியாக ஏது? அந்தத் தன்னியல்பு இல்லாமைக்கு அவர் வைத்த பெயர் சூன்யதை. உலகமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. பிடி தெரியாமல் பிடித்த பாம்பு போல இது பிடித்தவனையே கடிக்கும் என்று எச்சரித்தும் வைத்தார். சூன்யதையையே ஒரு கொள்கையாகக் கட்டிக்கொண்டு அழுபவனுக்கு மருந்து இல்லை என்பது அவர் கருத்து.

எச்சரிக்கை இங்கே எடுபடவில்லை. பேச்சுவழக்கில் சூனியம் என்பது வைப்பதும் எடுப்பதுமாகச் செய்வினைக்காரர் கைக்குப் போனது தனிக்கதை. புலவர்களும் அந்தச் சொல்லைச் சற்றுத் தள்ளி வைத்தே பார்த்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் 14 மதங்களை வரிசையில் நிறுத்தி மறுக்கிறார். நாகார்ஜுனர் வழிவந்த மாத்தியமிகன் அவர்களில் ஒருவன். உறுப்புகளைக் கழித்தால் பொருள் என்று எதுவும் மிஞ்சாது என்கிறான். பாவம், நாகார்ஜுனரின் நுட்பத்தில் பாதியைத்தான் அவன் வாயில் வைத்திருக்கிறார்கள்.

அருணந்தியின் ஆசிரியர் மெய்கண்டார் செய்தது வேறு. சிவஞானபோதத்தின் 12 நூற்பாக்களில் ஏழாவதில், எதிராளியின் சொல்லையே எடுத்துத் தன் வீட்டில் புழங்க விட்டார். சத்தாகிய சிவத்தின் எதிரில் மற்றவை எல்லாம் சூனியம். அவை இல்லாமல் போய்விடுவதில்லை. விடிந்த பிறகும் அணைக்க மறந்த தெருவிளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். எரிகிறது என்பது யாருக்குத் தெரிகிறது? பௌத்தர் "எதைச் சார்ந்தது" என்று கேட்டு வந்தடைந்த சொல்லைச் சைவர் "எதன் முன்னே" என்று கேட்டு மடக்கிவிட்டார். வாதத்தில் இதைவிட நாசூக்கான கைப்பற்றலை நான் பார்த்ததில்லை.

திருமூலர் வாதத்துக்கே வரவில்லை. எட்டாம் தந்திரத்தில் முப்பாழ் என்று ஒரு தலைப்பு. மாயை காலிசெய்த பாழ், சீவன் காலிசெய்த பாழ், அதற்கும் அப்பால் ஒரு பாழ். ஒன்பதாம் தந்திரத்தில் சூனிய சம்பாஷணை. அங்கே கத்தரி விதைத்தால் பாகல் முளைக்கிறது, புழுதியைத் தோண்டினால் பூசணி பூக்கிறது. உரைகாரர்கள் காய்க்கு ஒரு தத்துவம் பொருத்திக் காட்டுவார்கள். கொல்லையில் தோட்டம் போட்டுப் பார்த்தவனுக்கு உரை வேண்டாம், முதலில் சிரிப்புதான் வரும்.

சித்தர்கள் வெட்டவெளி என்றார்கள். சிதம்பரத்தில் அந்த வெளி கட்டடமாகவே நிற்கிறது. ஐம்பூதத் தலங்களில் அது ஆகாயம். சிற்சபையில் நடராசருக்குப் பக்கத்தில் திரை. தீட்சிதர் அதை விலக்கித் தீபம் காட்டும் சில நொடிகளில் பொன் வில்வ மாலைகள் தொங்குவது தெரியும், விக்கிரகம் கிடையாது. ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற பாட்டி பேரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தெரியுதா, தெரியுதா?" என்றாள். "ஒண்ணுமே இல்லையே ஆயா" என்றான் பையன். "அதுதான்டா, கன்னத்துல போட்டுக்கோ" என்றாள்.

காலையில் சிதம்பரம் பார்த்துவிட்டு மாலையில் வடலூர் போய்விடலாம். 1872-இல் வள்ளலார் தொடங்கிய சத்திய ஞானசபையிலும் திரைதான், ஒன்றல்ல, ஏழு. தைப்பூசத்தில் ஏழும் விலகினால் தெரிவது சோதி. சிதம்பரத்தை உருகிப் பாடியவர் சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு சபையை எழுப்பியதை, வெறும் வெளியோடு அவருக்கு நிறைவு வரவில்லை என்றே நான் படிக்கிறேன். சன்மார்க்க அன்பர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். வெளியும் ஒளியும் ஒன்றே என்பார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதைத் தமிழில் நேருக்கு நேர் கேட்ட நூல் தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம். உடம்பு நானல்ல, மூச்சு நானல்ல, மனம் நானல்ல என்று ஐந்து கோசங்களையும் உரித்துப் பார்த்த சீடன் திகைத்துப்போய் நிற்கிறான். கடைசியில் பாழ்தான் தெரிகிறது, இதையா நான் என்று கொள்வது என்கிறான். குரு அவனுக்குப் பத்துப் பேர் கதையைச் சொல்கிறார். ஆற்றைக் கடந்து கரையேறிய பத்துப் பேரில் ஒருவன் தலை எண்ணுகிறான், ஒன்பதுதான் வருகிறது. ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என்று ஒப்பாரி. எண்ணியவன் தன்னை எண்ண மறந்தான். பாழ் என்று கண்டாயே, கண்டவன் பாழா? திருவண்ணாமலையில் ரமணரிடம் வந்து, தியானத்தில் சூனியம்தான் மிஞ்சுகிறது என்றவர்களுக்கும் இதே மறுகேள்விதான் கிடைத்தது. என் கணக்கில் மரபின் உயர்ந்த உரைகல் இதுவே. இன்றைய மேடைகளில் "எல்லாம் மாயை, ஒன்றுமே இல்லை" என்று கைதட்டல் வாங்குபவர்களை இந்தக் கல்லில் உரசிப் பார்த்தால் நிறம் தேறாது. சாவு வீட்டில் எல்லாரும் பட்டினத்தார்தான். காதறுந்த ஊசியும் வராது என்பார்கள். கருமாதி முடிவதற்குள் பத்திரத்தைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். மயான வைராக்கியம் என்று இதற்கு முன்னோர் பெயரே வைத்திருக்கிறார்கள்.

நூல்களை மூடிவிட்டுத் தெருவுக்கு வந்தால் மிஞ்சுவது ஒரே சொல்: சும்மா. சும்மா கொடுத்தான் என்றால் இலவசம்; சும்மா சொன்னேன் என்றால் விளையாட்டு; சும்மா சொல்லக்கூடாது என்றால் பெரும் பாராட்டு. அருணகிரிநாதருக்கு முருகன் செய்த உபதேசமே பேச்சற்றுச் சும்மா இருப்பதுதான் என்கிறது கந்தர் அனுபூதி. தாயுமானவர் அந்தச் சும்மாவை எட்ட முடியாமல் ஏங்கி ஏங்கிப் பாடினார். இத்தனைக்கும் அவர் திருச்சி நாயக்கர் அரண்மனையில் கணக்குப் பார்த்தவர். வரவு செலவெல்லாம் நேர் செய்தவருக்கு இந்த ஒரு பற்று மட்டும் நேராகவில்லை.

போன வாரம் வந்த நண்பரிடம் அவர் மனைவியைப் பற்றி விசாரித்தேன். "வேலையை விட்டுட்டா, இப்ப வீட்ல சும்மாதான் இருக்கா" என்றார். பின்னாலேயே கைபேசியில் அழைத்து, தண்ணீர் லாரி வந்ததா, அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தாயா, சின்னவனின் டியூஷன் பணம் கட்டியாயிற்றா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மறுமுனையில் "ஆச்சு" என்றே பதில் வந்தது.