விருப்பமா, விவேகமா?

ஆங்கிலத்தில் 'டிஸ்கிரிஷன்' என்று ஒரு சொல். இடமறிந்து பேசுகிறவனின் குணத்துக்கும் அதுதான் பெயர். அதிகாரி தாமே முடிவு செய்யும் உரிமைக்கும் அதுதான் பெயர். லத்தீன் வேரில் அதன் பொருள் பிரித்தறிதல். நம்முடைய 'பகுத்தறிவு', வடமொழி 'விவேகம்' இரண்டும் அதையேதான் சொல்கின்றன. அலுவலகத் தமிழோ அதை 'விருப்புரிமை' ஆக்கிவிட்டது. பகுப்பு எழுந்து போக, விருப்பம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீபாவளிப் பட்டாசுக்கு இரவு 8 முதல் 10 வரை நேரம் குறித்தது. விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடி போடும் நமக்கு அது ஒத்துவருமா? தமிழ்நாடு முறையிட்டது. 2 மணி நேரத்துக்கு மிகாமல், நேரத்தை மாற்றிக்கொள்ள நீதிமன்றம் இடம் கொடுத்தது. காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு பிரித்தது. எல்லை இருந்தது; காரணமும் இருந்தது. டிஸ்கிரிஷன் என்றால் அதுதான்.

சிவகாசியில் மருந்து கலக்கும் அறையில் நிற்பவரிடம், "உங்கள் விருப்பம்போல் செய்யுங்கள்" என்று யாரும் சொல்வதில்லை. எதை எதோடு சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்று பிரித்தறிவதில்தான் அங்கே உயிர் இருக்கிறது. அந்த ஆலைக்கு லைசென்ஸ் வழங்கும் மேஜையிலும் சொல்லுக்கு அதே பொருள் வேண்டாமா? 'விருப்புரிமைப்படி' என்று எழுதும் பேனா, ஒருமுறை 'பகுத்தறிந்து' என்று எழுதிப் பார்க்கட்டும். அடுத்த வரியில் காரணத்தையும் எழுத வேண்டி வரும்.