இரவல் குரல்

தஜ்வீத் பயிலும் மாணவர்க்கு நாம் முதலில் கற்பிப்பது மக்ரஜுகளை. பெரும்பான்மை அறிஞர் கருத்தில் அரபு எழுத்தொலிகள் பிறக்கும் இடங்கள் 17. தொண்டை, நாவு, இதழ், மூக்கு, வாய்க்கும் தொண்டைக்கும் உட்பட்ட வெற்றிடம் ஆகிய ஐந்தனுள் அவை அடங்கும். குரல் உடலுக்குரியது என்பதே அதன் முதற்பாடம்.

ஒரத்தநாட்டு மீலாது மேடையொன்றில் இளைஞர் ஒருவர் நாகூர் இ.எம். ஹனீபாவின் (1925–2015) பாடல்களைப் பாடக் கேட்டோம். உச்சக் குரலும் உயர்த்திய கையும் அவருடையனவே போன்றிருந்தன. அவையோர் மகிழ்ந்தனர், நம் உள்ளம் அசையவில்லை. திராவிட இயக்கக் கூட்டங்களின் திறந்தவெளியில் கடைசி வரிசைவரை எட்டப் பாடிப் பழகிய மார்பினின்று எழுந்தது ஹனீபாவின் குரல். அப்பழக்கம் இன்றி உச்சத்தை மட்டும் எடுத்தபோது, இளைஞரின் கழுத்து நரம்பு புடைத்ததே கண்டோம்.

இறுதியில், இசைக்கருவிகள் ஓய்ந்தபின், தம் பாட்டியார் தாலாட்டாகப் பாடிய பைத்து ஒன்றைத் தாழ்ந்த குரலில் பாடினார். கை தானாகவே தொட்டில் ஆட்டுவதுபோல் அசைந்தது. இருமுறை மூச்சு முறிந்தது. அவருடைய குரலை அப்போதுதான் கேட்டோம்.

குற்றம் அவருடையதன்று. புகழ்பெற்ற காரிகளின் சாயலில் ஓதும் மாணவரையே நாமும் பல்லாண்டு பாராட்டி வந்துள்ளோம். மக்ரஜைத் திருத்துவது ஆசிரியர் கடமை, குரலை மாற்றுவதன்று. இனி முதல் வகுப்பில், வீட்டில் கேட்டு வளர்ந்த ஒன்றை ஓதுமாறு மாணவரைக் கேட்க எண்ணியுள்ளோம்.